இமயமலையில் ஒரே நாளில் நடந்து போய்வரக்கூடிய எளிய ஏரி எது? வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். உத்தராகண்டில் இருக்கும் தேவ்ரியா தால். அம்மாவுக்கு 62 வயதானபோது கூட்டிக்கொண்டு போன இடம் என்பதால் தயங்காமல் சொல்கிறேன்.

ருத்ரபிரயாக் மாவட்டத்தில், ஊக்கிமட்டுக்குப் பக்கத்தில் சாரி என்று ஒரு மலைக்கிராமம். நடை அங்கேதான் தொடங்குகிறது. ஏரி வரை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர், கல் பாவிய பாதை. வழி தவறாது. ஆனால் ஊரைத் தாண்டியதுமே ஏற்றம் பிடித்துக்கொள்ளும். நடந்து பழகியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். எங்களுக்கு இரண்டரை ஆனது. ஏரி இருப்பது சுமார் 2,400 மீட்டர் உயரத்தில். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். அதனால் உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். முழங்காலைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு கைத்தடி அவசியம், இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். பலரும் காலையில் ரிஷிகேஷில் வண்டி ஏறி, பிற்பகலில் சாரிக்கு வந்து, அப்படியே ஏறுகிறார்கள். எதிரே உள்ள பனிச்சிகரங்கள் தண்ணீரில் தெரிவதுதான் இந்த ஏரியின் அழகு. அதற்குள் மேகம் சிகரங்களை மூடிவிடும், காற்றில் தண்ணீரும் கலைந்து கிடக்கும். இவ்வளவு தூரம் வந்து ஒரு சாதாரணக் குளத்தைப் பார்த்துவிட்டுப் போவது எனக்கு மனசு ஆறாது. முந்தின இரவே சாரியில் தங்கிவிடுங்கள். விடிந்ததும் கிளம்புங்கள், இருட்டில் வேண்டாம், கரடியும் சிறுத்தையும் உள்ள காடு.

நாங்கள் போனபோது காற்றே இல்லை. 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. யட்சன் தருமரிடம் கேள்வி கேட்ட பொய்கை இதுதான் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த விரல் பட்ட இடத்திலிருந்து ஒரு வளையம் கிளம்பி, மெல்ல விரிந்து, சிகரத்தின் பனியைப் போய் அசைத்தது. அது அடங்கும் வரை இருவரும் பேசவில்லை. அப்புறம், "காற்றைவிட வேகமானது எதுடா?" என்று கேட்டார். யட்சனின் கேள்விதான். சின்ன வயதில் சொல்லித்தந்த பதில் நினைவிருந்தது: மனம்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் போனால் வழியெல்லாம் புராஞ்ஷ் மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும். சிகரம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வேண்டாம். மண் சரிந்து சாலை அடைபடும். வனத்துறைக் கட்டணத்துக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே தங்கும் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு மண்டுவா ரொட்டி கேட்டுவிட்டு ஏறுங்கள். மண்டுவா வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகுதான். இறங்கி வந்த பசியில் நெய் தடவிய அந்தச் சூட்டு ரொட்டியை அம்மா மூன்று சாப்பிட்டார்.