உதவியை நிறுத்தினால் பாதுகாப்பு குறையுமா? – கேள்வி பதில்

அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைப் பெருமளவு நிறுத்தியது குறித்து வாசகர்கள் கேட்டவற்றுள் சில இங்கே.

கேள்வி: பிற நாட்டு ஏழைகளுக்குச் செய்யும் தர்மத்தை நிறுத்தினால், கொடுத்தவருடைய பாதுகாப்பு எப்படிக் கெடும்?

பதில்: அது வெறும் தர்மமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1961இல் அதிபர் கென்னடி, வெளிநாட்டு உதவியை நிர்வகிக்கும் யுஎஸ்எய்ட் அமைப்பை உருவாக்கியதற்குச் சோவியத் ஒன்றியத்துடனான போட்டியும் ஒரு காரணம். மத்தியக் கிழக்கிலுள்ள அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஜேம்ஸ் மேட்டிஸ், வெளியுறவுத் துறைக்கு முழு நிதி தராவிட்டால் தாம் இன்னும் அதிகத் தோட்டாக்கள் வாங்க நேரிடும் என்று 2013இல் நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். இத்தனைக்கும் அந்த உதவி முழுவதும் சேர்ந்து அரசின் செலவில் ஏறத்தாழ 1 சதவீதம்தான்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியும் எடுத்துக்காட்டு ஒன்று சொல்ல முடியுமா?

பதில்: வடகிழக்குச் சிரியாவின் அல்-ஹோல் முகாமைச் சொல்வேன். ஐஎஸ் பயங்கரவாத அமைப்பினரின் குடும்பத்தினர் உட்பட சுமார் 40,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அப்போது அங்கே அடைபட்டிருந்தனர். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்க ஆணையிட்டதைத் தொடர்ந்து, முகாமின் அன்றாடப் பணிகளைக் கவனித்த தொண்டு நிறுவனத்துக்கும் வேலையை நிறுத்துமாறு உத்தரவு போனது. ஊழியர்கள் வராமல் நின்ற பிறகுதான் ஆபத்து உறைத்ததோ என்னவோ, சில நாட்களுக்குள் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. முகாமில் ஒழுங்கு குலைந்தால் தப்பிச் செல்பவர்களைப் பின்னர் தேடிப் பிடிப்பதற்கு ஆகும் செலவு, உதவிக் கணக்கில் அல்ல, இராணுவக் கணக்கில்தான் ஏறும்.

கேள்வி: நோய்த் தடுப்புக்கும் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு?

பதில்: மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட எபோலா தொற்றுநோய் 2014இல் வேகமாகப் பரவியபோது, ஒபாமா அரசு லைபீரியாவுக்குப் படைவீரர்களையே அனுப்ப வேண்டியிருந்தது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் செவிலியரும் ஆய்வகமும் அதைவிட மலிவு.

கேள்வி: அமெரிக்கா விட்டுச்சென்ற இடத்தைச் சீனா பிடித்துக்கொள்ளுமா?

பதில்: முழுவதும் பிடிக்காது, அதற்கு அவசியமும் இல்லை. 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது சீனா, இந்தியா, ரஷ்யா ஆகியவற்றின் மீட்புக் குழுக்கள் விரைந்து போய்ச் சேர்ந்தன. அமெரிக்கா அனுப்பிய யுஎஸ்எய்ட் ஊழியர் மூவருக்கோ, அங்கே பணியில் இருக்கும்போதே வேலைநீக்க அறிவிப்பு வந்தது. இடிபாடுகளுக்கு நடுவே எந்த நாட்டின் கொடி தெரிந்தது என்பது ஊர்க்காரர்களுக்கு நெடுநாள் நினைவிருக்கும்.

கேள்வி: அப்படியானால் எல்லா உதவியும் பாதுகாப்பைத் தருமா?

பதில்: தராது. ஆப்கானிஸ்தானில் கொட்டிய பணத்தில் கணிசமான பகுதி ஊழலில் கரைந்தது. 2021இல் அரசே கவிழ்ந்தது. ஆகவே பயனற்றதை வெட்டுவதை நான் எதிர்க்கவில்லை; எது பயனற்றது என்று பார்க்காமல் வெட்டியதைத்தான் எதிர்க்கிறேன். பிரிட்டனின் கணக்கு வேறு: உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 சதவீதமாகக் குறைத்து, அதில் மிச்சமாகும் பணத்தை இராணுவத்துக்குத் தருவதாகப் பிரதமர் ஸ்டார்மர் 2025 பிப்ரவரியில் அறிவித்தார். அதை ஏற்க இயலாமல் வளர்ச்சித் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் சில நாட்களிலேயே பதவி விலகினார்.