அடைப்பு இல்லை, ஆனாலும் இதயம் ஏன் தளர்கிறது?

பாம்பன், நாட்டுப்படகு மீனவர், 68 வயது: ரத்தக்குழாயில் அடைப்பு இல்லையாம். ஆனாலும் இதயம் பலவீனம் என்கிறார்கள். எப்படி ஐயா?

அடைப்பைப் பற்றியே பேசிப் பேசி, செல்லுக்குள் நடப்பதை நாம் மறந்துவிட்டோம். செல் உயிரியல் கற்பித்தவன் என்பதால் எனக்கு இதில் நெடுநாள் வருத்தம்.

இதயத் தசைச் செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியா அடைத்துக்கொண்டிருக்கிறது. துடிப்புக்கான ஆற்றலைத் தருவது அதுதான். அதை ஒட்டியே கால்சியத்தைச் சேர்த்து வைக்கும் வலைப்பின்னல் ஒன்று உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது கால்சியத்தைத் திறந்துவிடும், தசை சுருங்கும். கொஞ்சம் கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் போகும். ஆற்றல் இன்னும் வேண்டும் என்பதற்கு அதுவே செய்தி.

நடுக்கடலில் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி மீன் கூடையைக் கைமாற்றுவீர்கள் அல்லவா? கயிறு தளர்ந்தால் கூடை தண்ணீரில் விழும். அதிகம் இறுகினால் பலகைகள் மோதும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவும் அந்த வலைப்பின்னலும்தான் இரண்டு படகுகள்; மைட்டோஃபியூசின் 2 போன்ற புரதங்களே அந்தக் கயிறு. வயதாக ஆக இந்தக் கட்டு நிலைகுலைகிறது, வலைப்பின்னலின் கால்சியக் கதவுகளும் கசிகின்றன. மிதமிஞ்சிய கால்சியம் புகுந்த மைட்டோகாண்ட்ரியா தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது. அவை அதே கதவுகளை மேலும் கெடுக்கின்றன. இப்படித்தான் அடைப்பு இல்லாமலும் இதயம் தளரலாம்.

தேவிபட்டினம், ஆசிரியை: பழுதானவற்றைச் செல் அப்புறப்படுத்தாதா?

அப்புறப்படுத்தும், அம்மா. செல்லின் செரிமானப் பையான லைசோசோம் அவற்றைச் செரித்துவிடும். இந்தத் தன்விழுங்கல் முறையை விளக்கியதற்காகத்தான் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். முதுமையில் இந்த வேலை மந்தமாகி, லிப்போஃபஸ்சின் என்னும் பழுப்புக் கசடு சேர்கிறது. இதயச் செல்கள் 25 வயதிலேயே ஆண்டுக்கு 1 சதவீத அளவில்தான் புதுப்பிக்கப்படுகின்றன. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. அதனால் கசடு சேர்ந்த செல்லே தொடர்ந்து துடித்தாக வேண்டும்.

கீழக்கரை, மாணவர்: வாப்பாவுக்கு மைட்டோகாண்ட்ரியா மாத்திரை இணையத்தில் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. இந்த இணைப்பைச் சரிசெய்வதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்று இல்லை. அந்தப் பணத்தில் மருத்துவர் எழுதிய மாத்திரைகளை விடாமல் வாங்கிக் கொடுங்கள்.

மண்டபம், பாசி எடுக்கும் பெண்: நடந்தால் பயன் உண்டா?

உண்டு. உடலுழைப்பு மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும். உப்புக் கருவாட்டைக் குறையுங்கள். காலில் வீக்கமும் படுத்தால் மூச்சுத்திணறலும் இருந்தால், பாசிக்குப் போவதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.