ஒற்றைச் செடியும் ஒற்றைப் பாறையும்: கேள்வி-பதில்

கேள்வி: இங்கிலாந்தின் அரிய தாவரங்கள் இரண்டு: லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் (செருப்பு வடிவப் பூ பூக்கும் செடி), டெர்பிஷயர் ஃபெதர் மாஸ் (ஈரப்பாறையில் படரும் பாசிவகைச் சிறுசெடி) - எதன் நிலை மோசம்?

மாஸின் நிலைதான். அந்த ஆர்க்கிட் 1917-ல் அங்கே அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, 1930-ல் யார்க்‌ஷயரில் ஒரே செடியாகத் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் ஆசியாவிலும் அது உண்டு. மாஸுக்கோ உலகத்திலேயே ஒரே இருப்பிடம்: டெர்பிஷயரில் ஊற்றுநீர் நனைக்கும் ஒரு சுண்ணாம்புப் பாறை.

கேள்வி: ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதை. பிறகு ஏன் ஆர்க்கிட் பெருகவில்லை?

தூசுபோன்ற அந்த விதையிடம் கட்டுச்சோறு கிடையாது. மண்ணில் உரிய பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். பூவிலும் தேன் இல்லை. செருப்பு வடிவ இதழுக்குள் விழும் சிறு தேனீ, பின்பக்க இடுக்கில் நெளிந்து வெளியேறும்போது முதலில் சூல்முடியை உரசும், அப்புறம்தான் மகரந்தம் முதுகில் ஒட்டும். அடுத்த பூவிலும் அது ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். தனிச்செடியிடம் இது எங்கே நடக்கும்? அதனால் கையால் மகரந்தம் சேர்த்தார்கள்.

லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் 1983-ல் ஆய்வகத்தில் நாற்று வளர்க்கத் தொடங்கியது. முற்றினால் விதையுறை நீர் புகாமல் இறுகிவிடும் என்பதால் காய் பச்சையாக இருக்கும்போதே விதையெடுத்து, கிருமி நீக்கி, அகார் என்னும் கூழில் இட வேண்டும். பூஞ்சையின் வேலையை அங்கே சர்க்கரை பார்க்கும். கிருமிநீக்கம் சற்றுப் பிசகினாலும் பூசணம் குடுவையையே மூடிவிடும். காட்டில் நட்ட நாற்று முதன்முதலில் பூத்தது 2000-ல். நட்டதோடு வேலை முடியாது. இளங்குருத்து நத்தைக்கு விருந்து.

கேள்வி: மாஸைப் பெயர்த்து வேறு பாறையில் ஒட்டலாமே?

துணுக்கிலிருந்தே மாஸ் தழைக்கும்; பூஞ்சைத் துணையும் வேண்டாம். சிக்கல் நீரில். வேர் இல்லை, வேர்போலிகள் பிடிமானத்துக்குத்தான். பெரும்பாலும் ஒரு செல் தடிமனே உள்ள இலை, நீரோடு அதிலுள்ள மாசையும் உறிஞ்சிவிடும். ஊற்று வற்றினால் காயும். வயல் உரம் கலந்தால் பச்சைப்பாசி மூடும். அதே நீரோட்டமுள்ள பாறை கிடைக்காமல் பெயர்த்தால் இருப்பதும் போகும்.

மாற்றுக் காப்பு உறைபதனம், அதாவது உயிரோடு உறையவைத்துச் சேமிப்பது. துணுக்குகளைச் சர்க்கரைக் கரைசலில் பழக்கி, ஈரம் வற்றவைத்த பிறகே −196 டிகிரி திரவ நைட்ரஜனில் இட வேண்டும். நேராக முக்கினால் உள்நீர் பனிக்கட்டியாகிச் செல்லைக் கிழிக்கும்.

கேள்வி: பார்த்தால் படமெடுத்துப் பகிரலாமா?

ஆர்க்கிட் என்றால் இடத்தை வெளியிடாதீர்கள், படத்திலுள்ள இருப்பிடத் தகவலையும் அழியுங்கள். பிடுங்கிப் பிடுங்கித்தான் ஒன்றே மிஞ்சியது. மாஸை யாரும் திருடமாட்டார்கள், ஆனால் ஈரப்பாறையில் ஒரு கால் வழுக்கினாலே கொத்தாக உரிந்துவரும். பிரிட்டனின் 1981-ன் வனவுயிர்ச் சட்டப்படி இரண்டையும் பறிப்பது குற்றம்.