தவிட்டம்மாள், பக்கிரி, கிச்செனசாமி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்த 1926ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் என் பாட்டியின் தாயார் 'தவிட்டம்மாள் என்கிற மரகதம்' என்றும், அவருடைய தம்பி 'மூக்கன்' என்றும் எழுதப்பட்டிருக்கிறார்கள். வீட்டில் மரகதம் என்ற பெயரை மட்டுமே கேட்டிருக்கிறேன். பத்திரம் எழுதியவர் கேலியாக எழுதிவிட்டாரா? தவிட்டம்மாள் என்ற பெயரை வம்சாவளியில் சேர்க்க வேண்டாம் என்கிறார் என் பெரியப்பா.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கேலியாக இருக்க வழியில்லை. சொத்தை விற்பவரின் பெயரில் பத்திரம் எழுதுபவர் விளையாடினால் அந்தச் சொத்து நாளைக்கு வழக்கில் போய் நிற்கும். ஊரறிந்த பெயர் ஒன்றும் வீட்டில் வழங்கும் பெயர் ஒன்றுமாக இருந்தால் இரண்டையும் 'என்கிற' என்ற சொல்லால் இணைத்து எழுதுவது பத்திர வழக்கம். ஆகவே தவிட்டம்மாள் என்பதே உங்கள் பாட்டியின் தாயாரை ஊரார் அழைத்த பெயர் என்று கொள்ளலாம்.

அந்தப் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு துக்கம் இருக்கும். அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், புதிதாய்ப் பிறந்த குழந்தையை முறத்தில் கிடத்தி அண்டை வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, படித் தவிட்டை விலையாகக் கொடுத்துத் தாயே அதைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். காசு பெறாத பிள்ளை என்று நினைத்துக் காலன் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டான் என்பது நம்பிக்கை. குப்பையில் போட்டு எடுத்த பிள்ளை குப்பன், குப்பம்மாள் ஆனதும், பிச்சையெடுத்த காசில் வளர்ந்த பிள்ளை பிச்சை ஆனதும், ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று அழைத்ததும் இதே காரணத்தால்தான். அக்காளுக்குத் தவிடும் தம்பிக்கு மூக்குக் குத்தலும் வேண்டியிருந்தது என்றால், உங்கள் கொள்ளுப்பாட்டியோடு பிறந்து தங்காமல் போனவர்கள் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டதால், அந்தக் காலத்துப் பதிவேடு கிடைத்தால் அந்தக் குழந்தைகளைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் பெயரைக் கொண்டு தேடாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பிறப்பு பதியப்படுவதால் 'ஆண்', 'பெண்' என்று மட்டுமே இருக்கக்கூடும். தகப்பனார் பெயரைக் கொண்டு தேடுவதே வழி.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன்தான் பெயரன். முதல் குப்புசாமிக்குக் காரணம் இருந்திருக்கும். அவருடைய பேரன் குப்புசாமிக்குத் தாத்தா பெயர் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாமலும் இருக்கலாம். இதே வழக்கத்தால் ஒரு குடும்பத்தில் நான்கு ராமசாமிகள் வந்து ஆராய்ச்சியைக் குழப்புவார்கள். தவிட்டம்மாளோ ஒருவர்தான். உங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: வம்சாவளியில் கைவிடக் கூடாத பெயர் அதுதான்.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். என் பாட்டனார் பெயர் பக்கிரிசாமி, அவருடைய அண்ணன் பெயர் கொளஞ்சி. எங்கள் முன்னோர் மதம் மாறியவர்களா?
– வாசகர், புவனகிரி

பதில்: பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளை வரம் வேண்டியோ, நோய் தீரவோ நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் பிறந்த பிள்ளைக்குப் பக்கிரி என்று பெயரிடுவது சோழநாட்டுக் கடற்கரை நெடுகிலும் இந்துக் குடும்பங்களில் உள்ள வழக்கம். முஸ்லிம் துறவியைக் குறிக்கும் பக்கீர் என்ற சொல்லோடு 'சாமி' ஒட்டிக்கொண்டதே அதற்குச் சாட்சி. கொளஞ்சி என்ற பெயர் உங்களை வேறு திசைக்கு அழைத்துப் போகிறது. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. குறையைத் தாளில் எழுதி முருகனிடம் 'பிராது' கட்டும் வழக்கம் உள்ள கோயில் அது. மூத்தவருக்கு விருத்தாசலம், இளையவருக்கு நாகூர் என்று உங்கள் குடும்பம் நேர்ந்துகொண்டிருக்கலாம். இவ்வட்டாரத்தில் பூவராகன் என்றால் ஸ்ரீமுஷ்ணத்தையும், தேவநாதன் என்றால் திருவந்திபுரத்தையும், சபாநாயகம் என்றால் சிதம்பரத்தையும் முதலில் நினைக்கலாம். குடும்பம் முன்பு எந்த ஊரில் இருந்தது என்பதே தெரியாதவர்களுக்கு இது சிறிய உதவியல்ல.

கேள்வி: பழைய கடன் பத்திரத்தில் என் முப்பாட்டனார் 'வீராசாமி தற்குறி' என்று ஒப்பமிட்டிருக்கிறார். தற்குறி என்பது பட்டப் பெயரா, குலப் பெயரா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: இரண்டும் இல்லை. எழுதத் தெரியாதவர் தம் கையால் இட்ட கீறலுக்குத் தற்குறி என்று பெயர். பக்கத்தில் அவர் பெயரை எழுதியவர் வேறொருவர். வீராசாமி என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஞானஸ்நானப் பதிவேட்டில் 'பவுலுஸ்', பிரெஞ்சுக்காரர் காலத்து எத்தா சிவிலில் (பிறப்பு, திருமணம், இறப்பு குறித்த அரசுப் பதிவேட்டில்) 'போல்', கல்லறைக் கல்லில் 'சின்னப்பன்'. இவர்கள் மூவரும் சகோதரர்களா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஒரே மனிதர் என்றே நினைக்கிறேன். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர்; போல் என்பது அதே பெயரின் பிரெஞ்சு வடிவம். சிறியவர் என்ற அந்தப் பொருளைத் தமிழில் பெயர்த்துப் புனித பவுலைச் சின்னப்பர் என்று நம் கத்தோலிக்கர் அழைத்தார்கள். யோவான் என்பதில் இறைவனின் அருள் என்ற பொருள் இருப்பதால் அவர் அருளப்பர் ஆனார். பேதுரு இராயப்பராகவும், யாகப்பர் ஸ்பானிய, போர்த்துகீசிய ஒலியில் சந்தியாகப்பராகவும், சவேரியார் சவரியாராகவும் வழங்கினார்கள். எனவே வீட்டில் அருளப்பன் என்று வாழ்ந்தவரை அலுவலகப் பதிவில் ழான் என்றும், இராயப்பனைப் பியேர் என்றும் தேட வேண்டும். ஆயினும் பெயர் ஒத்துப்போவதை மட்டும் நம்பி மூன்று தாள்களையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். தாய் தந்தையர் பெயர், பிறந்த தேதி, ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவையும் ஒத்துவர வேண்டும்.

கேள்வி: இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து வேர்களைத் தேடி வந்த குடும்பம் ஒன்று எங்கள் ஊரில் விசாரித்தது. அவர்களுடைய குடும்பப் பெயர் 'கிச்செனசாமி'. இப்படி ஒரு பெயர் தமிழில் உண்டா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: உண்டு, பிரெஞ்சு முறையில் எழுதிய பெயரை நீங்கள் ஆங்கிலக் கண்ணால் படித்ததால் தெரியவில்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ச்ச' என்று ஒலிக்கும் சி, எச் என்ற இரண்டு எழுத்துகள் பிரெஞ்சில் 'ஷ' என்று ஒலிக்கும். அப்படிப் படித்தால் கிஷெனசாமி, அதாவது நம் கிருஷ்ணசாமி. இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் அது இசட் போல ஒலிக்கும் என்பதால் 'சாமி'க்கு இரண்டு எஸ் போட்டார்கள். உகரத்துக்கு ஓ, யூ இரண்டையும் சேர்த்து எழுதினார்கள்.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. இருந்த ஒற்றைப் பெயரே அங்கே பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் குடும்பப் பெயராக நிலைத்தது. புதுச்சேரியிலேயே தங்கியவர்களின் கதை வேறு: 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி தங்கள் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லப்போர்த்' என்ற பிரெஞ்சுப் பெயரையே எடுத்துக்கொண்டார். அத்தகைய குடும்பங்களில் பெயரைப் பார்த்துத் தமிழ் மூலத்தை ஊகிக்க முடியாது. ஆணைக்கு முந்திய பதிவைத்தான் தேட வேண்டும்.

உங்களிடம் வந்தவர்கள் தேட வேண்டிய கிருஷ்ணசாமி, குடும்பப் பெயர் தாங்கியவர் அல்லர். அந்தப் பெயரோடு முதலில் கப்பலேறிய ஒரு தனி மனிதர். அவருடைய குடியேற்றப் பதிவில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கின்றனவா என்று கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் இதே கண்ணோடுதான் படிக்க வேண்டும்: உங்கள் வில்லியனூர் பிரெஞ்சு ஏடுகளில் 'வில்லெனூர்' என்றே இருக்கும்.