காசு கொடுத்து வாங்கும் ‘சர்வதேச’ சான்றிதழ் வேலைக்கு ஆகுமா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி. மகன் இங்கே மலையிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த ஒரு சிறிய இன்ஜினியரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 5,000 மீட்டர் ஓடுவான். “மலை டைமிங்கை யாரும் மதிக்க மாட்டார்கள். 25,000 ரூபாய் கொடுங்கள், நேபாளப் போட்டியில் ஓட வைத்து சர்வதேச சான்றிதழ் வாங்கித் தருகிறேன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை உறுதி” என்கிறார் ஒருவர். நம்பலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை தருகிறவர்கள் மெடலைப் பார்ப்பதற்கு முன், சான்றிதழைக் கொடுத்தது யார் என்றுதான் பார்ப்பார்கள். தடகளத்துக்கு அங்கீகாரம் பெற்றது இந்தியத் தடகள சம்மேளனம். பல்கலைக்கழக அளவில் என்றால் ஏ.ஐ.யு. எனப்படும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம். இந்த ஆட்கள் சொசைட்டியாகப் பதிவு செய்த எண்ணைக் காட்டி ‘அரசு அங்கீகாரம்’ என்பார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. மூன்று பேர் ஓடி மூவரும் மெடல் வாங்கும் போட்டிகள் இவை. ரசீது தராமல், தனி ஆளின் நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்கு நேரான வழி இருக்கிறது. கல்லூரியின் பிசிகல் டைரக்டர் (உடற்கல்வி இயக்குநர்) மூலம் அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டலப் போட்டி, பிறகு மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, அங்கே தேறினால் பல்கலைக்கழக அணி, அப்புறம் ஏ.ஐ.யு.வின் அகில இந்தியப் போட்டி.

மலை டைமிங் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டரில் தங்கம் வென்றவர் எடுத்துக்கொண்டது 29 நிமிடம் 27 விநாடி. அன்றைய உலக சாதனையோ 27 நிமிடம் 39 விநாடி. அதே மெக்சிகோவில் நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். காற்று லேசாக இருப்பதால் தாண்டுகிறவருக்கும் குறுகிய தூரம் ஓடுகிறவருக்கும் லாபம், நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு மூச்சு போதாது. உங்கள் கோத்தகிரி ஊட்டியைவிடத் தாழ்வு, ஆனாலும் 5,000 மீட்டரில் இந்த வித்தியாசம் தெரியும். கோவை நேரு ஸ்டேடியத்தில் ஒருமுறை ஓட விட்டு டைம் எடுங்கள். அதுதான் அவனுடைய சரியான கணக்கு. கீழே வெயில் தாக்கும், இரண்டு நாள் முன்பே இறக்கிவிடுங்கள். மண்டலப் போட்டியில் எப்படியும் யார் முதலில் வருகிறார் என்பதுதான் பேச்சு.

எனக்கு எரிச்சல் கல்லூரிகள் மேல்தான். வருஷா வருஷம் ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் வாங்குகிறார்கள். பிசிகல் டைரக்டரையோ அட்மிஷன் வேலைக்கு ஊர் ஊராக அனுப்பிவிடுகிறார்கள். என்ட்ரி அனுப்பக் கடைசி தேதி போயே போய்விடுகிறது. நீங்களே பிரின்சிபாலிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டிக்குக் கிளம்பும் முன்பே ஓ.டி.யும் (போட்டிக்குப் போகும் நாட்களை வருகையாகக் கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி) கையில் இருக்க வேண்டும். திரும்பி வந்து கேட்டால் வருகைப்பதிவில் இழுத்தடிப்பார்கள்.