வேத கால மதம் என்றால் என்ன? இன்றைய இந்து மதமும் அதுவும் ஒன்றா?

ஏறத்தாழ கி.மு. 1500 முதல் 500 வரை, முதலில் பஞ்சாப் பகுதியிலும் அப்புறம் கங்கைச் சமவெளியிலும் இருந்த வேள்வி வழிபாடுதான் வேத கால மதம். கோயில் கிடையாது, சிலை கிடையாது. மேடை அமைத்துத் தீ மூட்டி, நெய், தானியம், சோமச் சாறு, சில வேள்விகளில் விலங்குகளையும் படைத்தார்கள்.

ஏன் தீ? தேவர்கள் இருப்பது வானில். படைத்ததை அவர்களிடம் கொண்டு சேர்க்க ஓர் ஆள் வேண்டும். அக்னிதான் அந்தத் தபால்காரர். ரிக் வேதத்தின் முதல் பாடலே அவரைப் போற்றுவதுதான். பதிலுக்கு மழை, மாடு, பிள்ளைகள், நீண்ட ஆயுள் கேட்டார்கள். உச்சரிப்பு பிசகினால் பலன் கெடும் என்ற நம்பிக்கையால்தான் ரிக் வேதத்தின் 1,028 பாடல்களும் வாய்வழியாகவே இத்தனை துல்லியமாக வந்து சேர்ந்தன. இது உண்மையிலேயே பெரிய சாதனை.

1975-இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரி பிராமணர்கள் அக்னிசயனம் என்ற வேத கால வேள்வியை 12 நாள் நடத்தினார்கள். பறவை வடிவில் ஐந்து அடுக்குச் செங்கல் மேடை. ஆடுகளுக்குப் பதில் வாழையிலையில் பொதிந்த அரிசி மாவு.

இன்றைய இந்து மதமும் அதுவும் அப்படியே ஒன்றல்ல. சிவனும் விஷ்ணுவும்தான் அன்றும் முதன்மைத் தெய்வங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ரிக் வேதத்தில் மிக அதிகப் பாடல்கள் இந்திரனுக்கே, விஷ்ணுவுக்கும், சிவனின் முன்னோடியான ருத்திரனுக்கும் சிலவே.