பொய்வலி ஏன் அடங்கிவிடுகிறது?

அன்புள்ள ஐயா,

மகள் தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்திருக்கிறாள். ஒன்பதாம் மாதம். வயிறு கல் மாதிரி இறுகுகிறது, கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினால் பொய்வலி என்று திருப்பி அனுப்புகிறார்கள். சீரகக் கஷாயம் கொடுத்தால் அடங்கியும் விடுகிறது. இறுகுவது அதே கர்ப்பப்பைதானே, இதில் பொய் எது, மெய் எது? மெய்வலிக்கு உத்தரவு கொடுப்பது மூளையா, குழந்தையா? சம்பந்தியம்மா விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம்,
செம்பூர், மும்பை

அன்புள்ள அம்மா,

மூளையை முதலில் விட்டுவிடலாம். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத பெண்களுக்கும் கர்ப்பப்பை தானாக இறுகிக் குழந்தை பிறந்திருக்கிறது. அந்தத் தசைக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கர்ப்பம் முழுக்கவே அது அவ்வப்போது இறுகுகிறது. 1872இல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்தார். உங்கள் மகளின் டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒரு திட்டு இறுகும், பக்கத்துத் திட்டுக்குச் சேதி சரியாகப் போகாது. தேர் வடத்தை ஆளாளுக்கு ஒரு நேரம் பார்த்து இழுத்தால் தேர் நகருமா? அதுதான் பொய்வலி. எல்லாத் திட்டும் ஒருசேர இழுத்தால் மெய்வலி.

சேதி போகும் வழி ஒரு புரதம், கனெக்சின் 43. ஒரு செல்லின் சுவரில் ஆறு கனெக்சின்கள் கூடி அரைக்குழாயாக நிற்கும். அண்டை செல்லின் அரைக்குழாய் எதிரே வந்து பொருந்தினால் முழுக்குழாய். இதை கேப் ஜங்ஷன் என்பார்கள். அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் மட்டுமே புகக்கூடிய துளைதான், ஆனாலும் மின்தூண்டல் செல்லுக்குச் செல் தாவ அது போதும். இதயத்தின் கீழறைகள் ஒருசேரத் துடிப்பதற்கும் இதே புரதம்தான் துணை.

1977இல் கார்ஃபீல்ட், சிம்ஸ், டேனியல் மூவரும் எலிகளின் கர்ப்பப்பையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். கர்ப்பகாலத்தில் இந்த இணைப்புகள் அநேகமாக இல்லை. பிரசவ வேளையில் ஏராளம். ஈன்று முடித்த கொஞ்ச நாளில் மறுபடி காணோம். எனக்கு இந்த ஆய்வின்மேல் தனிப் பிரியம். வலியைத் தூண்டுவது எது என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். இத்தனை மாதம் செல்களை ஒன்றோடொன்று பேசவிடாமல் வைத்திருந்தது எது என்றும் கேட்க வேண்டும்.

அது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். கனெக்சின் உற்பத்தியை அது அமுக்கிவைக்கிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் கூட்டுகிறது. எலிகளில் பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரியும். அதைச் சரியவிடாமல் ஊசிபோட்டால் குழாய்கள் உருவாவதில்லை, பிரசவமும் தள்ளிப்போகிறது.

மனிதரில்தான் சிக்கல். நஞ்சுக்கொடி வெளியே வரும்வரை நம் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் குறைவதே இல்லை. ஹார்மோன் இருக்கிறது, தசை அதற்குக் கட்டுப்படுவதை நிறுத்திவிடுகிறது. ஹார்மோனை வாங்கும் ஏற்பிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. கடைசியில் அவற்றின் விகிதம் மாறுவது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 1988இல் பிரான்ஸ் அனுமதித்த மிஃபெப்ரிஸ்டோன் என்ற கருக்கலைப்பு மாத்திரையும் அந்த ஏற்பியைத்தான் அடைக்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் இருந்தும் கர்ப்பப்பை விழித்துக்கொள்ளும்.

குழந்தையா என்றீர்களே, ஆடுகளில் ஆம். வயிற்றிலிருக்கும் குட்டியின் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்தான் பிரசவக் கணக்கைத் தொடங்குகிறது என்று நியூசிலாந்தின் ஆய்வாளர் லிகின்ஸ் காட்டினார். மனிதக் குழந்தைக்கும் பங்குண்டு, இவ்வளவு நேரடியாக அல்ல.

இத்தனை தெரிந்தும் மருந்து எளிதாக அமையவில்லை. குறைப்பிரசவத்தைத் தடுக்க 2011இல் அமெரிக்கா அனுமதித்த ஒரு செயற்கைப் புரோஜெஸ்டிரோன் ஊசி, பலன் நிரூபணமாகாமல் 2023இல் திரும்பப் பெறப்பட்டது. கர்ப்பப்பை வாய் குட்டையாக இருப்பவர்களுக்கு உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் மட்டும் உதவுகிறது.

கஷாயத்துக்கு வருகிறேன். சிதறி இறுகும் தசை, தண்ணீர் குடித்துக் கொஞ்சம் சாய்ந்து படுத்தாலே பல நேரம் அடங்கும். சீரகத்தைவிட அதிலுள்ள தண்ணீருக்கே நான் மதிப்பெண் போடுவேன். இணைப்பு கூடிய தசை கஷாயத்துக்கெல்லாம் மசியாது.

விளக்கெண்ணெய் வெறும் நம்பிக்கை அல்ல. அதன் ரிசினோலிக் அமிலம் குடலையும் கர்ப்பப்பையையும் ஒரே ஏற்பி வழியாகத் தூண்டுகிறது என்று எலிகளில் 2012இல் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போன பெண்ணைப் பிரசவ அறைக்கு அனுப்பக்கூடாது. வலி சீராக நெருங்கி வந்தால், பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால் உடனே கிளம்புங்கள். மறுபடி பொய்வலி என்று திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. சம்பந்தியம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.